பொம்மை சார்

நெஞ்சில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொன்ன முதலுதவி ஆசிரியர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். கழுவினால் மட்டும் போதாது. துடைத்த கையை நீட்டிக் காட்ட வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம் கழற்றியாகிவிட்டதா, வாட்ச் அவிழ்த்தாகிவிட்டதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்ததும் நகம் பார்த்த டீச்சருக்குப் பிறகு என் கையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் யாருமில்லை. இத்தனையும் மயங்கி விழப்போகிற மனிதனுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் அந்தப் பொம்மைக்காக.

நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான, இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஆண் பொம்மை. வெளிநாட்டிலிருந்து வந்தது. சக்கரம் வைத்த பெட்டியில் கொண்டுவருவார். பெட்டிக்குள் ஒரு வெல்வெட் துணி, அதற்குள் ஒரு பாலிதீன் உறை, அதற்குள் பொம்மை. வாங்கியபோது வந்த உறைதான் அது. மடிப்புக் கலையாமல் கழற்றி, நான்காக மடித்து, பெட்டியின் பையிலேயே வைப்பார். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பொம்மையின் முகத்தைத் துடைப்பார். கன்னம், மூக்கு, காது மடலுக்குப் பின்புறம். இதற்குள் வகுப்பில் பாதி நேரம் போயிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பொம்மை சார் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். வேறு பெயர் அவருக்குப் பொருந்தாது.

நான் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். பணியிட அவசரங்களுக்கான உயர்நிலை முதலுதவிப் பயிற்சி என்று ஒரு மெயில் வந்தது. மாடிக்கு இத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள் இருந்தாக வேண்டும் என்று ஏதோ வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டுவிட்டானாம். மற்றவர்கள் வகுப்பு நாளில் வேலை தப்பியது என்றும் மத்தியானம் பிரியாணி உண்டு என்றும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அப்படியில்லை. எனக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் இருந்தது. மாரடைப்பு மறுபடி வரலாம், வந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே வகுப்பில் நான் பாடத்தைவிட மற்றவர்களின் கைகளைத்தான் கவனித்தேன். இந்தக் கைகளில் ஏதோ ஒரு ஜோடிதான் என்றைக்காவது என் நெஞ்சின் மேல் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். சிலருடைய கைகளைப் பார்த்தால் இப்போதே வேலையை விட்டுவிடலாம் போலிருக்கும்.

கைகளின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் யாரையும் அழுத்தவே விடவில்லை. ஒருவர் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அடுக்கிப் பொம்மையின் நெஞ்சில் வைப்பார். இவர் பக்கத்திலேயே குனிந்து நின்று, "பதுக்கெ, பதுக்கெ" என்பார். மெதுவாக என்பதற்கு இந்த ஊரில் அதுதான் சொல். அவர் வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், வகுப்பில் இரண்டும் கலந்த ஒன்று. எதில் பேசினாலும் அந்த ஒரு வார்த்தை மாறாது.

அந்தப் பொம்மைக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. தேவையான ஆழத்துக்கு நெஞ்சு இறங்கினால் உள்ளேயிருந்து கிளிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது எனக்குத் தெரிந்தது இணையத்தில் படித்ததால்தான், அவர் சொல்லி அல்ல. என் முறை வந்ததும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தினேன். சத்தம் வருவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஸ்பிரிங் போயிடும் சாரே."

கிளிக் கேட்க வேண்டாமா என்று கேட்டேன். "கேக்கணும்னு ஒண்ணுமில்ல. ஆக்ஷன் மனசிலாச்சுன்னா மதி" என்றார். புரிந்தால் போதுமாம். நீச்சலைக் கரையில் நின்று புரிந்துகொள்ளச் சொல்வது போல. நான் விடவில்லை. நிஜ மனிதனுக்கு இந்த அழுத்து போதாதே என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இப்போதும் பொறுக்க முடியவில்லை. "ஒரிஜினல் ஆளு முன்னால கிடந்தா கை தானா அழுத்தும் சாரே. அதுக்கு இதைப் போட்டு உடைக்கணுமா?"

பொம்மை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி ஓடவைக்கிற ஒரு கருவி உண்டு. எங்கள் மாடியிலும் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். நெஞ்சில் ஒட்ட வேண்டிய பட்டைகளை உறையோடு தூக்கிக் காட்டினார். உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் சீல் போய்விடும் அல்லவா. பிரிப்பது மாதிரி கையால் காற்றில் கிழித்துக் காட்டினார். நாங்களும் வரிசையாக நின்று காற்றைக் கிழித்தோம். ரத்தப் பெருக்கை நிறுத்தக் கட்டும் பட்டை ஒன்று இருந்தது. அதை இறுக்கினால் நாடா தளர்ந்துவிடும் என்று ஒரு தண்ணீர் பாட்டிலில் தளரச் சுற்றிக் காட்டிவிட்டு உடனே அவிழ்த்து வைத்துவிட்டார். உயர்நிலைப் பயிற்சி என்று பேர், அந்தச் சுற்றில் பாட்டிலில் கசிகிற தண்ணீர்கூட நின்றிருக்காது.

ஒருநாள் நல்ல மழை. அலுவலக பஸ் போய்விட்டது. நான் நகரத்துக்குள் கோட்டைப் பகுதிக்குப் போக வேண்டும் என்று தெரிந்ததும், தானும் அதை அடுத்த பழவங்காடிப் பக்கம்தான் என்று காரில் ஏறச் சொன்னார். நல்ல மனசு என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது, வாங்கி வருஷக்கணக்கான காரின் இருக்கைகளில் கம்பெனியின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. காலடியில் செய்தித்தாள் விரித்தார். குடையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஹைவேயில் லாரியும் பஸ்ஸும் மோதுகிற மாதிரி உரசிப் போக, நான் ஒரு கையை மழையில் நனைத்தபடி, முதுகு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ள, அவரோடு ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. அவர் எதற்கும் அசரவில்லை.

வழியில் அவரே சொன்னார். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து பழவங்காடிப் பக்கம் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தாராம். சின்ன வயதில் கடையில் எதைத் தொட்டாலும் இரண்டு கையாலும் தொட வேண்டும். இவர் ஒரு டம்ளரைக்கூட உடைத்ததில்லையாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. வேறொருவர் மெடல் வாங்கியதைச் சொல்லுவார், இவர் டம்ளர் உடைக்காததைச் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் பிள்ளைகள் எல்லோரும் இப்படியா இருக்கிறார்கள்? அதெல்லாம் ஒரு காரணமா என்ன.

நானும் என் ஸ்டென்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மாடிக்காரர்கள் அழுத்துகிற அழுத்தில் நான் பிழைப்பேனா என்று நேராகவே கேட்டேன். அவர் வைப்பரை நிறுத்தினார். மழை விடவில்லை, ஆனாலும் ரப்பர் தேய்கிறதாம். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்வதாகச் சொன்னார். இந்த ஆஸ்பத்திரி அனுபவத்தை அவர் ஒவ்வொரு வகுப்பிலும் எடுத்துவிடுவார். அதனால்தான் நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எத்தனை பேரைத் தூக்கி நிறுத்திய கைகளோ என்று நானே ஸ்டியரிங்கில் இருந்த அந்தக் கைகளை மரியாதையாகப் பார்த்தேன். இறங்கியதும் செய்தித்தாளை மடித்து என்னிடமே கொடுத்தார், வீட்டுக் குப்பையில் போட்டுவிடச் சொல்லி.

இனி நான் விழுந்த கதை. இதில் பெரும்பகுதி எனக்குப் பிறர் சொன்னது, முக்கியமாக அஞ்சு சொன்னது. அஞ்சு எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், ஆற்றிங்கலிலிருந்து தினமும் வந்துபோகிறவள். முதல் வகுப்பிலேயே பொம்மையைத் தொட மாட்டேன், பயமாக இருக்கிறது என்றவள். அவளுடைய கைகளைப் பார்த்துத்தான் நான் ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அசந்திருந்த நேரம். பிரின்டர் பக்கம் எழுந்து போனது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் இல்லை. விழுந்த சத்தம் கேட்டுப் பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் எழுந்தார்களாம். கற்றதை ஒன்றுவிடாமல் செய்தார்களாம். முதலில் மேஜை இழுப்பறையைத் திறந்து, பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுத்திருந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டினார்கள். வாட்சைக் கழற்றினார்கள், மோதிரத்தைக் கழற்றினார்கள். பிறகு, எழுதவே கை கூசுகிறது, கை கழுவப் போனார்கள். நான் தரையில் நீலம் பாரித்துக் கிடக்கிறேன். அங்கே பாத்ரூமில் குழாய்க்கு வரிசை நிற்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள்தான். பொம்மை சார் எந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தாரோ அந்த வரிசையில் என்னைக் காப்பாற்றப் புறப்பட்டிருந்தார்கள்.

அஞ்சு மட்டும் கழுவப் போகவில்லை. வளையலோடு அப்படியே மண்டியிட்டு என் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். ஆனால் அவளும் அழுத்தியது அவர் சொன்ன மாதிரிதான். சட்டை கசங்காத அழுத்து. எண்ணுவது சரியாக இருந்தது, இடம் சரியாக இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். அழுதுகொண்டே அழுத்தினேன் சேட்டா, உள்ளே போகவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

அன்றைக்குக் கீழ் மாடியில் வேறொரு குழுவுக்கு வகுப்பு. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பொம்மையைப் போட்டது போட்டபடி அவர் மாடி ஏறி வந்தார் என்றாள் அஞ்சு. உறை போடாமலா என்று கேட்டேன். சிரித்தால் நெஞ்சு வலிக்கும், சும்மா இருங்கள் என்றாள். அவர் வந்து அவளை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து அழுத்தினார். அவள் சுவரில் இருந்த கருவியை எடுத்துவந்து பட்டைகளின் உறையைப் பல்லால் கிழித்தாள். கருவி சொன்னபடி செய்தார்கள். நான் திரும்பி வந்தேன். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

கண் விழித்தபோது நெஞ்சு முழுக்கக் கல்லைக் கட்டி வைத்தது போல் வலி. விலா எலும்புகள் உடைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம், சரியாக அழுத்தினால் உடையும், நல்லதுதான் என்றார். எனக்கு ஒரு அற்பத்தனமான சந்தோஷம் வந்தது. டம்ளர்கூட உடைக்காத மனுஷன் என்னை உடைத்திருக்கிறார். வரட்டும், இதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று வலியோடு வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

வார்டுக்கு மாற்றியபின் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. என் மனைவி அவரைக் கும்பிட்டாள். உங்களால்தான் இவர் இருக்கிறார் என்று அழுதாள். அந்த நன்றியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, தலை குனிந்துகொண்டார். அவள் மருந்து வாங்கக் கீழே போகும்வரை ஸ்டூல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "எல்லு பொட்டிப்போச்சு, அல்லே சாரே?" என்று கேட்டார். எலும்பு உடைந்ததைச் சொல்கிறார். ஆமாம், நன்றாக உடைத்துவிட்டீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னது சரிதான். பக்ஷே ஸ்டோர்லயாக்கும். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு ஆளு மேல கை வச்சு அழுத்துனது அன்னைக்குத்தான் சாரே, முதல்தடவை."

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. இத்தனை வருஷம், இத்தனை கம்பெனி, இத்தனை பேருக்கு உயிர் காக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நெஞ்சைத் தொட்டதில்லை. பஞ்சு வாங்கியதும் சிரிஞ்சு எண்ணியதும்தான் அந்த அனுபவம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன், மூச்சு இழுக்க முடியவில்லை. அவரோ இன்னும் முடிக்கவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டதும் நான் நிறுத்திட்டேன்."

புரியவில்லை. என்ன நிறுத்தினீர்கள் என்றேன்.

"டக்குன்னு எல்லு பொட்டுற சத்தம். என் கை நின்னுபோச்சு. உடைச்சுட்டோமேன்னு கையை எடுத்துட்டேன் சாரே. எவ்வளவு நேரம்னு அறியில்ல. சார் அங்க அனக்கமில்லாம கிடக்காரு, நான் கையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்தக் குட்டி என் தோளைப் பிடிச்சு உலுக்கி, நிர்த்தல்லே, நிறுத்தாதீங்கன்னு கத்தினா. அப்புறமாக்கும் திரும்பவும் அழுத்தினது."

அஞ்சு இதை எனக்குச் சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று விட்டாளோ, என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டாளோ. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துப் பார்த்தேன். என் உயிர் அவருடைய மடியில் கிடந்திருக்கிறது, அவர் உடைந்த சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் கத்தாவிட்டால் நான் இல்லை. தயார் செய்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. வெறுப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் வெறுப்புதான் கூட என்று இப்போதும் சொல்வேன்.

மன்னித்துவிட வேண்டும் என்றார். மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் நிறுத்தியதை அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றேன். திடுக்கிட்டுப் போனார். "சொன்னா பின்ன யாரு சாரே என்னை வகுப்புக்கு விளிக்கும்?" என்றார். அவர் பிழைப்பைப் பற்றி அவருக்குக் கவலை. என் பிழைப்பைப் பற்றி எனக்கு.

"எனக்கு இன்னொரு தடவை வரும் சார்," என்றேன். "அப்போ என் மேல கை வைக்கிறவன் சத்தம் கேட்டு நிறுத்தக் கூடாது."

அவர் எழுந்தார். ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடிபடாமல் அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு எங்கள் மாடிக்கு மறுபடி ஒரு வகுப்பு வைத்தார்கள். எனக்கு அழைப்பில்லை, நானாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பெட்டியைத் திறந்தார். வெல்வெட், பாலிதீன், ஸ்பிரிட், பஞ்சு. கை கழுவிவிட்டு வாருங்கள் என்றார். திருந்துகிற ஜென்மமா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அப்போது புதிதாக வந்த ஒருவன், நல்ல பருமன், பொம்மையின் நெஞ்சில் கை வைத்தபடி, எலும்பு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று மலையாளத்தில் கேட்டான். இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். பதுக்கெ செய்தால் உடையாது என்பதுதான் எப்போதும் அவர் சொல்லும் பதில்.

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். அஞ்சுவைப் பார்த்தார், பிறகு என்னை.

"உடையும்," என்றார். "என் கையால உடைஞ்சுது. அங்க கடைசியில இருக்காரே, அந்த சாருக்கு. சத்தம் கேட்டதும் நான் நிறுத்திட்டேன். நிறுத்தியிருக்கப்பிடாது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பருமனான ஆள் நிலைமை புரியாமல், அல்லது நன்றாகப் புரிந்துகொண்டு, முழு எடையையும் கொடுத்து அழுத்தினான். பொம்மைக்குள் ஏதோ சத்தம் வந்தது. கிளிக்கா, ஸ்பிரிங் போனதா தெரியவில்லை. பொம்மை சாரின் முகம் பல் பிடுங்கினவன் முகமாகப் போயிற்று. அந்த ஆள் பயந்து கையை எடுக்கப் போனான். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கையை எடுக்காத," என்றார். "இன்னும் அழுத்து."